பதினேழாம் கேள்வியில் பதினொரு விநாடி

உளவியல் துறையின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு மேசை விளக்கு, பச்சையும் சிவப்பும் மாறி மாறி எரிகிற ஒரு தகரப் பெட்டி. வருகிற மாணவர்களின் கவனத்தைக் கெடுப்பதற்கென்றே அங்கே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் ஊசியக்கா.

லேப் உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. துறையின் அத்தனை பூட்டுக்கும் சாவி அவள் இடுப்பில் தொங்கியதால் சாவியக்கா. சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள். சாவியக்கா ஊசியக்கா ஆனது இரண்டே மாதத்தில். அதில் அவளுக்கு வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

துறைத்தலைவி ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். மனதை அடக்கத் தெரிந்த மாணவருக்கு ஒரு விஷயத்தை அலசிப் பார்க்கவும் நன்றாக வருமா, இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்பது அவருடைய கேள்வி. நூற்றிருபது பேர் வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் தகரப் பெட்டியின் முன் உட்கார வேண்டும். பச்சை எரிந்தால் பொத்தானைத் தட்ட வேண்டும், சிவப்பு எரிந்தால் தட்டப் போன கையை அப்படியே நிறுத்த வேண்டும். பிறகு ஒரு தாள். அதில் இருபது சின்ன வாதங்கள். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு பிசகு ஒளிந்திருக்கும். அதன் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும். ‘மழை பெய்கிற நாளெல்லாம் பேருந்து தாமதமாக வரும்; இன்று பேருந்து தாமதம்; ஆகவே இன்று மழை’ என்கிற மாதிரி.

பத்து கேள்வி வரை அறை அமைதியாக இருக்கும். பதினொன்றிலிருந்து எதிர் நாற்காலியில் இருப்பவள் பேச ஆரம்பிப்பாள், மனம் நோகிற மாதிரி. அதைக் காதில் வாங்கிக்கொண்டே பிள்ளை யோசிக்க வேண்டும். பென்சில் நின்றால் எத்தனை விநாடி நின்றது என்று ஸ்டாப்வாட்சைப் பார்த்து எழுதுவதும் அவள் வேலை.

அந்த நாற்காலிக்கு மேடம் வேறு யாரையும் தேடவில்லை.

“உனக்குத்தாம்மா இது வரும்,” என்றார். “வீட்டுக்காரர் போன நாலாம் நாள் வந்து அலமாரியெல்லாம் துடைச்சிட்டு இருந்த. ஒரு சொட்டுக் கண்ணீர் பார்க்கல நான். அந்த முகம்தான் எனக்கு வேணும்.”

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

முதல் வாரம் எல்லாம் கேலிக்கூத்தாகப் போனது. மேடம் தட்டச்சு செய்து கொடுத்த பத்து வாக்கியங்களை அவள் ஒப்பித்தாள். ‘நீங்கள் சராசரியைவிட மெதுவாக இருக்கிறீர்கள்.’ ‘மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்.’ வாட்டசாட்டமான ஒரு பையன் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான்.

“அக்கா, எங்க வீட்ல காலைல எழுப்புறதே இதைவிட மோசமா இருக்கும். வேணும்னா எங்க சித்தியை அனுப்பி வைக்கிறேன், ரெண்டு நாள் ட்ரெய்னிங் எடுத்துக்கோங்க.”

மேடம் எண்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “கொசு கடிச்ச மாதிரிகூட இல்லியேம்மா. நீயே ஏதாவது பண்ணு.”

அவள் பண்ணினாள். அறைக்குள் வருமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வயது, வகுப்பு, தூங்கும் நேரம். கடைசி வரியில், ‘இப்போது உங்களை அதிகம் கவலைப்படுத்துவது எது?’ சும்மா ஒப்புக்குச் சேர்த்த கேள்வி அது. அதுவரை யாரும் படித்ததில்லை. ஊசியக்கா படித்தாள்.

‘தம்பி என்னைவிட நன்றாகப் படிக்கிறான்’ என்று எழுதியிருந்த பெண்ணிடம் பதினொன்றாம் கேள்வியில் சொன்னாள்: “இந்த நாற்காலியில உன் தம்பி உட்கார்ந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்.” பென்சில் ஆறு விநாடி நின்றது. திக்கிப் பேசும் ஒருவனிடம், “நாக்குதான் நிக்குதுன்னு பார்த்தேன், மூளையுமா?” என்றாள். ஒன்பது விநாடி. அதற்குப் பிறகு அவன் போட்ட கோடெல்லாம் தப்பு.

குரலை உயர்த்தவே மாட்டாள். கடையில் சீரகம் இருக்கிறதா என்று கேட்கிற குரல். அவளுக்கு ஒரே ஒரு விதி உண்டு: பொய் சொல்லக் கூடாது. படிவத்தில் இருப்பதை, இல்லாவிட்டால் கண்ணெதிரே தெரிவதை மட்டும்தான் எடுப்பாள். அதை மகளிடம் பெருமையாகவே சொன்னாள், ஒரு நாள் மாலை துணி மடிக்கும்போது.

“பொய் சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. உண்மையைச் சொல்லிப் பாரு, பென்சில் நின்னுடும். இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் பொய் சொன்னதில்ல.”

மகள் அதே கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “அப்புறம் என்ன பண்ணுவ?”

“என்ன பண்றது? முடிச்சதும் ஒரு சீட்டு இருக்கு, அதைப் படிச்சுக் காட்டணும். ‘இந்த அறையில் உங்களிடம் சொல்லப்பட்டவை எதுவும் உண்மையல்ல, இது தேர்வின் ஒரு பகுதி’ன்னு. மேடம் எழுதினது.”

“அப்ப அதுதான் பொய்.”

“அது படிக்கிற பொய். சொல்ற பொய் இல்ல.”

மகள் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவள் அம்மா கேட்டது அபூர்வம்.

எண்கள் அழகாக வர ஆரம்பித்தன. சிவப்பு விளக்குக்குக் கையை நிறுத்தத் தெரிந்தவர்கள் ஊசியக்காவின் பேச்சையும் தாண்டிப் பிசகைக் கண்டுபிடித்தார்கள். கை நிற்காதவர்கள் பதினொன்றாம் கேள்வியோடு சிதறிப்போனார்கள். மேடம் கணினித் திரையில் புள்ளிகள் ஒரு கோடாக ஏறுவதைக் காட்டினார். “கட்டுரையில உன் பேரையும் போடறேன்மா. இது நீ பண்ணினது.” அவள் படிப்பு பாதியில் நின்றவள். அன்று பேருந்தில் தன் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் அந்த இருபதில் ஒரு கேள்வி அவளுக்கு ஆகாது. பதினேழு. ‘அவர் கதவைத் தட்டினார். இவர் திறக்கவில்லை. அவர் இறந்துவிட்டார். ஆகவே இவர் கதவைத் திறக்காததுதான் அவர் இறப்புக்குக் காரணம்.’ ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கேள்விக்கு வரும்போது அவள் விளக்கைத் துடைப்பாள், சாவிக்கொத்தைத் தடவுவாள். தாளின் பக்கம் பார்க்க மாட்டாள்.

காரணம் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தது, கரண்டிகள் போட்டுவைக்கும் இழுப்பறையில்.

அந்த வீட்டில் பல வருடமாக ஒரு சட்டம். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை மகள் படிக்கும் நேரம். அவள் போன் கரண்டி இழுப்பறைக்குள் போய்விடும். என்ன தலை போகிற காரியமானாலும் ஒன்பதுக்குத்தான் வெளியே வரும். அழுகைக்கும் ஒரு சட்டம் இருந்தது. “நூறு வரைக்கும் எண்ணு. அப்புறமும் அழணும்னு தோணிச்சுன்னா அழு.” நூறு வரை எண்ணினால் யாருக்கும் அழுகை வராது. மகள் சின்ன வயதிலேயே நன்றாக எண்ணக் கற்றுக்கொண்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஒரு காலையில் இருவருக்கும் ஏதோ வாய்த்தகராறு. எதற்கென்றுகூட அவளுக்கு இப்போது நினைவில்லை. நாலு நாள் பேச்சில்லை. அந்த நாட்களில் எது வேண்டுமானாலும் அவர் மகளைத்தான் கூப்பிடுவார்: “அம்மாகிட்ட சொல்லு, வர லேட்டாகும்.” நாலாம் நாள் மாலை அவர் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாற்பதுக்கு இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது. கரண்டிகள் சலசலத்தன. அவள் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். திரையில் ‘அப்பா’. சமாதானத் தூது என்று நினைத்தாள். நாலு நாள் அடக்கினவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் அடக்க முடியாதா? மூடினாள். ஏழு நாற்பத்து மூன்றுக்கு மறுபடியும். ஏழு ஐம்பத்தொன்றுக்கு மறுபடியும். அப்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, தவிக்கிறார் மனுஷர் என்று. இரண்டடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குக் கட்டிடத்துக் காவலாளி அவரைப் பார்த்திருக்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவருடைய போன் லிஃப்ட்டின் கம்பிவடம் இறங்குகிற துளை வழியாக ஒன்பது மாடியும் விழுந்து தூள்தூளாகிவிட்டது. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் செய்த முதல் காரியம், சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அந்த மூன்று வரிகளை அழித்தது. அதற்குப் பிறகுதான் மகளிடம் சொன்னாள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தெரிந்து அந்த மூன்று அழைப்புகள் இரண்டே இடத்தில் இருந்தன. ஒன்று உடைந்துபோயிற்று, இன்னொன்றை அவளே துடைத்துவிட்டாள். மகளுக்கு இது தெரியாதவரை தன்னால் இந்த வீட்டில் இருந்துவிட முடியும் என்று நினைத்தாள். மற்றதெல்லாம் அடங்கிவிடும்.

நூற்றிருபதாவது ஆளாக வந்த பையன் படிவத்தில் எழுதியிருந்தான்: ‘அப்பா என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.’ பன்னிரண்டாம் கேள்வியில் ஊசியக்கா சொன்னாள்: “ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அவருக்குப் பேசணும்னு தோணல பாரு.” பையன் பென்சிலை மேசைமேல் வைத்தான். அது உருளாதபடி மெதுவாகவே வைத்தான். பிறகு எழுந்து போய்விட்டான். பை நாற்காலியிலேயே கிடந்தது. மூன்று நாள் கழித்து அவன் அறைத்தோழன் வந்து எடுத்துப் போனான். இவன் ஊருக்கே போய்விட்டானாம்.

“போகட்டும். அந்தத் தாள் செல்லாது,” என்றார் மேடம். “நாளன்னைக்குக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பியாகணும். ஒரு ஆள் குறையுது. உன் பொண்ணு இங்கதான படிக்கிறா?”

“சொந்தக்காரங்க கூடாதுன்னு விதி இருக்கே மேடம்.”

“யாரும்மா பார்க்கப் போறாங்க? மத்தவங்களுக்குப் பண்ற மாதிரியே பண்ணு. இல்லன்னா நூத்திப்பத்தொம்போதுதான். அவங்க ஏத்துக்க மாட்டாங்க. பேர் போடறதெல்லாம் அப்புறம் எங்க?”

மகளிடம் கேட்டபோது உடனே சரி என்றாள். “உன் வேலையை ஒரு தடவையாவது பார்க்கணும்ல.”

மறுநாள் பதினொரு மணிக்கு வந்து கதவருகில் நின்றாள். “உள்ள வந்தா அம்மான்னு கூப்பிடணுமா, ஊசியக்கான்னா?”

“உள்ள வந்தா நீ நூத்திருபது. அவ்வளவுதான். உக்காரு.”

பெட்டி முன் மகளின் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. சிவப்பு எரிந்தபோதெல்லாம் விரல் அந்தரத்தில் அசையாமல் நின்றது. நூற்றிருபதில் இப்படி ஒரு கையை அவள் பார்த்ததில்லை. படிவத்தைப் பார்த்தாள். கடைசி வரிக்கு எதிரே, ‘ஒன்றுமில்லை.’

அந்த ஒரு சொல் அவளுக்குச் சுருக்கென்றது. ஊசிக்கு இடமே விடவில்லை.

பதினொன்று. “பள்ளிக்கூடத்துல கணக்குல ஃபெயில் ஆனவ புள்ளியியல் படிக்க வந்துட்டா.” கோடு விழுந்தது. பன்னிரண்டு. “உன் கூட்டாளி ரெண்டு பேரும் உன்னை விட்டுட்டுத்தான் டூர் போனாங்க. ஏன்னு யோசிச்சிருக்கியா?” கோடு விழுந்தது. பதிமூன்று, பதினான்கு. முடி கொட்டுவதைச் சொன்னாள், நடக்கும் விதத்தைச் சொன்னாள். மகள் தாளைத்தான் பார்த்தாள். முகத்தில் ஓர் அசைவில்லை. அது தன் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது, நாலாம் நாள் அலமாரி துடைத்த அதே முகம். அதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று இதுவரை தெரியாது. கோபம் வந்தது. இத்தனை பேருக்கு வலித்திருக்கிறது. இவளுக்கு மட்டும் என்ன?

பதினாறு. கோடு விழுந்தது. பென்சில் பதினேழுக்கு இறங்கியது. வழக்கமாக விளக்கைத் துடைக்கப் போகும் கை அன்று போகவில்லை. மகள் அந்த வரிகளை அமைதியாக, மற்ற எந்த வரியையும் போல, படித்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ படிச்சிட்டிருந்தப்போ அப்பா மூணு தடவை கூப்பிட்டார்,” என்றாள். சீரகம் கேட்கிற அதே குரலில்.

பென்சில் நின்றது.

அவள் கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது. தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அதற்குப் பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முள் நகர்ந்தது. மகளின் உதடு லேசாக அசைந்தது, எண்ணுகிற மாதிரி. பதினொன்றாவது விநாடியில் பென்சில் மறுபடி இறங்கி, ‘ஆகவே’ என்ற சொல்லில் தொடங்கி வரியின் கடைசிவரை ஒரு நேர்க்கோடு போட்டது. சரியான விடை. பிறகு பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவள் வேறு எதுவும் பேசவில்லை.

மகள் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். “சீட்டைப் படி.”

“வேண்டாம். நீ போ, க்ளாஸ் இருக்கும்.”

“எல்லாருக்கும் படிப்பல்ல. படி.”

படித்தாள். “இந்த அறையில் உங்களிடம் சொல்லப்பட்டவை எதுவும் உண்மையல்ல. இது தேர்வின் ஒரு பகுதி.”

“அப்ப அப்பா கூப்பிடலையா?”

“இல்ல. சும்மா சொன்னேன்.”

“நீ இங்க பொய் சொல்ல மாட்டியே,” என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை; வகுப்பில் ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுகிற நிதானம். “சும்மா சொல்றவங்க ‘கூப்பிட்டார்’னு நிறுத்திருப்பாங்க. மூணு எங்கிருந்து வந்துச்சு? அப்பா போன் உடைஞ்சு போச்சு, அதுல இருந்து யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. மிச்சம் என் போன். அன்னைக்கு நான் எடுத்துப் பார்த்தப்போ அதுல ஒண்ணுமே இல்ல. அப்ப அதுக்கு முன்னாடியே யாரோ பார்த்திருக்காங்க. வீட்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்.”

ஊசியக்கா சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கும்மா?”

“ஏழு நாப்பது,” என்றாள். ஒரு வருடமாக நாக்கின் நுனியிலேயே இருந்தது, அடக்குவதற்குள் வந்துவிட்டது. “நாப்பத்திமூணு. அம்பத்தொண்ணு.”

மகள் தலையாட்டினாள். “எடுத்திருந்தா பொழச்சிருப்பார்னு நான் சொல்ல மாட்டேன். அது பதினேழாம் கேள்வி. தப்பான வாதம்.” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “ஆனா அழிச்சது நீதான். அதுல பிசகு இல்ல.”

“பாப்பா...”

“உள்ள நான் நூத்திருபதுன்னு சொன்னியே.”

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவள் தாளை எடுத்து மதிப்பெண் போட்டாள். இருபதுக்கு இருபது. பென்சில் நின்ற நேரம் என்ற கட்டத்தில் பதினொன்று என்று எழுதினாள். ஒன்றுக்கு மேல் இன்னொரு ஒன்று ஏறிவிட்டது, அடித்துத் திருத்தினாள்.

அந்தத் தாளைப் பார்த்து மேடம் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். “இதைப் பாரும்மா. பதினொரு விநாடி நின்னுட்டு மறுபடி சரியா போட்டிருக்கா. இதுதான் மனக்கட்டுப்பாடு. எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு புள்ளிதான். என்ன சொன்ன அவகிட்ட?”

“ஞாபகம் இல்ல மேடம்.”

மகள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். போனால் பின்னாலேயே ஓடலாம், காலில் விழலாம், அழலாம். அவள் வீடு திரும்பியபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள். எப்போதும் போல. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்து அவள் தாங்க மாட்டாமல் கேட்டாள்.

“ஏதாவது சொல்லு. திட்டு. என்னை ரெண்டு அடி அடிச்சிடு.”

“எதுக்கு?”

“அழவாவது செய்யேன்டி.”

“நூறு வரைக்கும்லாம் இப்ப தேவைப்படறதில்லம்மா,” என்றாள் மகள். “பதினொண்ணு போதும்.”

கட்டுரை வெளிவந்தது. மூன்றாவதாக அவள் பெயரும் இருந்தது. மேடம் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் புள்ளிகள் ஏறிப் போகும் படம். எல்லாவற்றுக்கும் மேலே, வலது ஓரத்தில், தனியாக ஒரு புள்ளி. அவள் பிரதியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மகள் அதைக் கேட்கவுமில்லை.

ஏழு மணிச் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று அவள் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் சரியாக ஏழுக்கு அவளே வந்து இழுப்பறையைத் திறந்து, போனைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டுப் படிக்கப் போகிறாள். அந்த இரண்டு மணி நேரமும் அம்மா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதாவது கரண்டிகள் சலசலக்கின்றன. அவள் திறப்பதில்லை, திறக்கலாமா கூடாதா என்று மகளிடம் கேட்கவும் துணிச்சலில்லை.

ஒன்பதுக்கு மகள் வருகிறாள். அம்மாவின் எதிரிலேயே நின்று போனை எடுத்து, வந்த அழைப்புகளின் பட்டியலை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் இழுப்பறையை மூடுகிறாள். “சரிம்மா, படுத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறாள்.